எளிய கோட்டுருவா, பல்கோட்டுருவா, திசைக் கோட்டுருவா?

கோனிக்ஸ்பெர்க் நகரின் 7 பாலங்களையும், எதையும் இரு முறை மிதிக்காமல், நடந்து முடிக்க முடியாது என்று 1736-இல் கணிதவியலாளர் ஆய்லர் நிறுவினார். முனைகளும் அவற்றை இணைக்கும் விளிம்புகளும் சேர்ந்ததே கோட்டுரு. இங்கே நிலப்பகுதிகள் 4 முனைகள், பாலங்கள் 7 விளிம்புகள். நடுத் தீவிலிருந்து இரு கரைக்கும் இரட்டைப் பாலம் என்பதால் இது பல்கோட்டுரு, அதாவது ஒரே இரு முனைகளுக்கிடையே பல விளிம்புகள் (இணை விளிம்புகள்) உள்ள கோட்டுரு. முனைகளின் படிகள் (ஒரு முனையில் சேரும் விளிம்புகளின் எண்ணிக்கை) 5, 3, 3, 3. நான்குமே ஒற்றைப்படை, நடை சாத்தியமாக ஒற்றைப்படை முனைகள் 0 அல்லது 2 தான் இருக்கலாம்.

இதையே எளிய கோட்டுருவாக (இணை விளிம்பும், ஒரு முனையிலிருந்து அதற்கே திரும்பும் விளிம்பான கண்ணியும் இல்லாதது) எழுதிப் பாருங்கள். இரட்டைகள் ஒன்றாகிவிடும், விளிம்புகள் 5, படிகள் 3, 3, 2, 2. ஒற்றைப்படை முனை இரண்டே! 'நடக்கலாம்' என்று விடை வரும். சூத்திரத்தில் பிழையில்லை, வகைதான் தப்பு.

4 முனை எளிய கோட்டுருவில் அதிகபட்சம் 4×3÷2 = 6 விளிம்புகளே கொள்ளும். 7 என்றதுமே சந்தேகம் வந்திருக்க வேண்டும். 6-க்குள் இருந்தால் மட்டும் எளியது என்று ஆகிவிடாது. அண்டை அணியைப் (எந்த முனையிலிருந்து எந்த முனைக்கு எத்தனை விளிம்பு என்று காட்டும் எண் அட்டவணை) பாருங்கள். மூலைவிட்டத்துக்கு வெளியே எங்காவது 2 அல்லது அதற்கு மேல் இருந்தால் பல்கோட்டுரு. மூலைவிட்டத்தில் சுழி அல்லாத எண் இருந்தால் கண்ணி உண்டு. சமச்சீர் இல்லையென்றால் திசைக் கோட்டுரு, அதாவது விளிம்புகளுக்குத் திசை உண்டு. (சமச்சீராக இருப்பதால் திசை இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம், எல்லாச் சாலையும் இருவழியாக இருக்கலாம்.)

கண்ணி தன் முனையின் படியில் 2 கூட்டும். பலர் 1 என்று எண்ணுகிறார்கள். அப்போது படிகளின் கூட்டுத்தொகை விளிம்புகளின் இரு மடங்காக வராது.

திசைக் கோட்டுருவில் படி, உட்படி (உள்ளே வரும் விளிம்புகள்), வெளிப்படி (வெளியே போகும் விளிம்புகள்) எனப் பிரிகிறது. ஒவ்வொன்றின் கூட்டுத்தொகையும் விளிம்பு எண்ணிக்கைக்குச் சமம். எதிரெதிர் திசையில் ஓடும் இரு விளிம்புகள் இங்கே இணை விளிம்புகள் அல்ல. அதனால் கண்ணியும் இணை விளிம்பும் இல்லாமலே 4 முனைகளில் 12 வரை போகலாம்.

பைதான் நிரல்மொழியில் கோட்டுருக்களுக்கான நூலகமான நெட்வொர்க்எக்ஸில் 'கிராஃப்' வகை, ஒரே விளிம்பை இரண்டாம் முறை சேர்த்தால் சத்தமில்லாமல் ஒன்றாகவே வைத்துக்கொள்ளும். கண்ணியை மட்டும் அனுமதிக்கும். பாலங்களை அதில் ஏற்றினால் மேலே சொன்ன தப்பு விடைதான். 'மல்டிகிராஃப்' எடுங்கள், ஒருவழிச் சாலை கலந்தால் 'மல்டிடைகிராஃப்'. குறுகிய வழி மட்டும் தேடுவதானால் இணை விளிம்புகளில் நீளம் குறைந்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளலாம். அந்த வேலைக்கு எளிய கோட்டுருவே போதும்.