பேசிஸ் 3-ஆ, டாங் நானோ 9கே-வா? முதல் எஃப்பிஜிஏ போர்டு வாங்குறவங்களுக்கு

எஃப்பிஜிஏன்னா, நாம கோடு எழுதி உள்ள இருக்குற சர்க்யூட்டையே மாத்திக்கக்கூடிய சிப். முதல் போர்டு வாங்குறவங்க எல்லாரும் எடுத்ததும் கேக்குறது எத்தனை எல்யூடி (அந்த சர்க்யூட்டை உருவாக்குற சின்ன லாஜிக் கட்டம்) இருக்குன்னுதான். பேசிஸ் 3-ல இருக்குற ஆர்டிக்ஸ்-7 சிப்ல 20,800, டாங் நானோ 9கே-ல இருக்குற கோவின் சிப்ல 8,640. ஆனா சின்ன ரிஸ்க்-வி ப்ராசஸரே அந்த 8,640-க்குள்ள அடங்கிடும், எல்இடி மின்ன வைக்கிற கட்டத்துல அந்த நம்பரை வச்சு ஒண்ணும் ஆகப்போறதில்ல. பாக்க வேண்டியது டூலையும் (கோடை சிப்புக்கு ஏத்தபடி மாத்திக் குடுக்குற சாஃப்ட்வேர்), போர்டு மேல என்ன இருக்குங்கிறதையும்தான்.

போர்டுன்னு பாத்தா பேசிஸ் 3 ராஜா. 16 சுவிட்ச், 16 எல்இடி, நாலு டிஜிட் செவன் செக்மென்ட், விஜிஏ எல்லாம் இருக்கு, ஆடர், மக்ஸ், கவுன்டர்னு காலேஜ்ல படிச்சதை ஒரு ஒயர் கூட சொருகாம செஞ்சு பாத்துடலாம். டாங் நானோல 6 எல்இடி, ரெண்டு பட்டன், அவ்ளோதான் (எச்டிஎம்ஐ சாக்கெட் இருக்கு, அது பின்னாடி உதவும்). விலையும் பல மடங்கு கம்மி.

டூல்னு வந்தா கதையே மாறிடுது. பேசிஸுக்கான டூல் விவாடோ பல பத்து ஜிபி, மேக்ல ஓடாது, சின்ன டிசைனுக்கே பில்ட் முடியுறதுக்குள்ள டீ குடிச்சுட்டு வந்துடலாம். எந்த சிக்னல் எந்தப் பின்னுக்குன்னு சொல்ற பின் ஃபைல்ல ஐஓஸ்டாண்டர்ட் (அந்தப் பின்னோட வோல்டேஜ் வகை) போட மறந்தீங்கன்னா சிந்தசிஸ், இம்ப்ளிமென்டேஷன்னு முந்தின கட்டம் எல்லாம் சமத்தா முடிஞ்சு கடைசில பிட்ஸ்ட்ரீம் (சிப்புல ஏத்துற ஃபைல்) எழுதுற நேரத்துல எரர் அடிக்கும், அதுவரைக்கும் நல்லபிள்ளை மாதிரி இருக்கும். ஆனா சிமுலேட்டர், சிப்புக்குள்ளயே சிக்னலை எட்டிப்பாக்குற ஐஎல்ஏ எல்லாம் அதுலயே இலவசமா வருது, அதுக்கு ஈடு இல்ல. டாங் நானோக்கு யோசிஸ், நெக்ஸ்ட்பிஎன்ஆர், அபிகுலா, ஓபன்எஃப்பிஜிஏலோடர்னு நாலு ஓப்பன் சோர்ஸ் டூல் போதும், லினக்ஸ், மேக் எதுலயும் ஓடும், சின்ன டிசைனை சட்டுனு முடிச்சிடும், மாத்தி மாத்தி ட்ரை பண்றவனுக்கு அந்த வேகம்தான் முக்கியம்.

ஒண்ணுல எழுதின கோடை இன்னொண்ணுல அப்படியே போடாதீங்க. பேசிஸ் 3 கிளாக் 100 மெகாஹெர்ட்ஸ், எல்இடியை அரை செகண்டுக்கு ஒரு தரம் மாத்தணும்னா 5 கோடி எண்ணணும், 26 பிட் கவுன்டர் வேணும். டாங் நானோல 27 மெகாஹெர்ட்ஸ், 1.35 கோடி, 24 பிட்டே போதும். அதோட டாங் நானோ எல்இடி 0 குடுத்தாதான் எரியும், பேசிஸ்ல 1. ரெண்டுலயும் சும்மா லோட் பண்ணா பவர் எடுத்ததும் போயிடும், நிக்கணும்னா ஃபிளாஷ்ல எழுதணும்: டாங் நானோல லோடர் கமாண்ட்ல -எஃப் சேக்கணும், பேசிஸ்ல மோட் ஜம்பரையும் க்யூஎஸ்பிஐ (ஃபிளாஷ்ல இருந்து ஏத்துற) பக்கம் மாத்தணும்.

சொந்தக் காசுன்னா நான் டாங் நானோதான் சொல்லுவேன். காலேஜ் லேப்ல பேசிஸ் சும்மா கிடைக்குதுன்னா விடாதீங்க. செகண்ட் ஹேண்ட்ல ஸ்பார்டன்-6ங்கிற பழைய சிப் வச்ச போர்டு சல்லிசா வரும், ஆனா அதை விவாடோ தொடாது, 2013-லயே நின்னுபோன ஐஎஸ்இ-ங்கிற பழைய டூலை கட்டி அழணும்.