ஏற்காட்டு ஈரத்துக்கு லேமினேட் மரத்தரை தாங்குமா?

ஏற்காட்டில் மரத்தரை போட ஆசைப்படுகிறவர்கள் பலகையின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் வீட்டுத் தரையின் ஈரத்தைப் பாருங்கள். 1500 மீட்டர் உயரத்தில், ஐப்பசி கார்த்திகையில் மூட்டம் இறங்கினால் துவைத்த துணியே காய மறுக்கும் ஊர் இது. சிமென்ட் தரையின் சில்லிப்பில் அத்தைக்கு முழங்கால் வலி அதிகமானது. அதனால்தான் அவர் அறைக்கு மட்டும் மரத்தரை போட்டோம். வேலை முழுக்க நானும் மகனும்தான்.

வாங்கியது 8 மி.மீ. லேமினேட் பலகை, ஏசி4 தரம், சேலத்தில் ஒரு கடையில், சதுர அடி 95 ரூபாய். அறை 12க்கு 10 அடி. வெட்டுச் சேதாரத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்து 132 சதுர அடி கணக்குப் போட்டோம். இது முழு மரம் இல்லை. மரநாரை அழுத்திச் செய்த பலகை, அதன் மேல் மரம் போன்ற அச்சு, அதற்கும் மேல் தேய்மானம் தாங்கும் ஒரு படலம். ஏசி எண் அந்த மேல்பரப்பின் உழைப்பைச் சொல்வது. தண்ணீர் தாங்குமா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எண் கூடினால் ஈரமும் தாங்கும் என்று நினைத்துக் காசைக் கூட்டிக் கொடுக்காதீர்கள்.

ஈரம் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. இரண்டடிச் சதுர பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுவிடுங்கள். பிரிக்கும்போது அடியில் நீர் முத்து கட்டியிருந்தால், மண்ணிலிருந்து ஈரம் ஏறுகிறது என்று அர்த்தம். எங்கள் அறையில் நன்றாகவே கட்டியிருந்தது. கடையில் பலகையோடு கொடுத்த 2 மி.மீ. ஃபோமே போதும் என்றார்கள். போதாது. அது சத்தத்துக்கும் மெத்தென்று இருப்பதற்கும்தான். மண் மேல் நேரடியாக இருக்கும் கீழ்த்தளத்துக்கு 200 மைக்ரான் பாலித்தீனை முதலில் விரித்து, இணைப்பில் ஒன்றன் மேல் ஒன்று ஒரு சாண் ஏற்றி டேப் ஒட்டி, சுவரிலும் கொஞ்சம் மடித்து ஏற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் ஃபோம். இந்தச் செலவு சொற்பம். இந்த வேலையில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன் என்று சொல்லும் இடமும் இதுதான்.

அடுத்தது பொறுமை. சேலத்து வெயிலில் காய்ந்த குடோனிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த பலகை, மலைக்காற்றுக்குப் பழக வேண்டும். பெட்டியைப் பிரிக்காமல், போடப்போகும் அறையிலேயே 48 மணி நேரம் படுக்க வையுங்கள்.

போடுவது கையில் பிடிபட்டுவிட்டால் இன்பமான வேலை. பலகையைச் சாய்த்துப் பிடித்து, விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கை முந்தைய வரிசையின் பள்ளத்தில் நுழைத்து, மெதுவாகக் கீழே அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் வராமல் சுத்தியலை எடுக்கக் கூடாது. தட்ட வேண்டி வந்தாலும் நடுவில் ஒரு கட்டை வைத்துத்தான் தட்ட வேண்டும், இல்லையென்றால் நாக்கு உடைந்துவிடும். ஒரு வரிசையில் மிஞ்சிய துண்டை அடுத்த வரிசையின் தொடக்கத்துக்கு வையுங்கள். குறுக்கு இணைப்புகள் ஓரடியாவது தள்ளித் தள்ளி விழ வேண்டும். ஜிக்சா என்ற மின்ரம்பத்தால் அறுத்தால் பலகையின் முகத்தைக் கீழே வையுங்கள், கைரம்பம் என்றால் மேலே. அப்போதுதான் விளிம்பு பெயராது.

பார்க்க வந்த ஆசாரி அண்ணன், "ஆணியும் அடிக்கல, பசையும் போடல, எப்படிங்க நிக்கும் தங்கச்சி?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இது தரையோடு ஒட்டுவதில்லை, முழு அறையும் ஒரே பாயாக மிதக்கிறது. ஈரக்காற்றில் விரியும், கோடையில் சுருங்கும். அதற்காகத்தான் நாலு சுவர் ஓரமும் 10 மி.மீ. இடைவெளி விடுகிறோம். சுவரடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் பட்டை அதை மறைத்துவிடும், ஆனால் ஸ்கர்ட்டிங்கைச் சுவரில்தான் அடிக்க வேண்டும், பலகையில் அல்ல. கதவு நிலையின் அடியை அறுத்துப் பலகையை உள்ளே செருகுவது முறை. நிலையில் ரம்பம் வைக்க அத்தை சம்மதிக்கவில்லை. அவர் சொல்வதும் சரிதான். நிலையைச் சுற்றி இடைவெளி விட்டு அதே நிறத்தில் பட்டை ஒட்டினோம், பார்வைக்கு உறுத்தவில்லை.

குறை என்றால், ஒரு பெட்டியில் மூலை நசுங்கிய பலகைகள் இருந்தன. பிரித்த பெட்டியைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று கடையில் கைவிரித்துவிட்டார்கள். வாங்கும்போதே பெட்டியின் மூலைகளைத் தடவிப் பாருங்கள்.

ஐப்பசி மழை முழுதும் பார்த்துவிட்டோம். எங்கும் உப்பவில்லை, இணைப்பு விலகவில்லை. அத்தை செருப்பில்லாமல் நடக்கிறார். ஆனால் வாளித் தண்ணீர் ஊற்றித் துடைக்கும் பழக்கத்தை விட வேண்டும். ஒட்டப் பிழிந்த மாப்புதான், சிந்தினால் உடனே ஒற்றி எடுக்க வேண்டும். சமையலறைக்கும் குளியலறை வாசலுக்கும் இதை வாங்காதீர்கள், அங்கே கல்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த எஸ்.பி.சி. பலகைதான் பொருத்தம். கரையான் இருக்கும் வீடென்றால் முதலில் மருந்தடித்துவிட்டு மற்றதை யோசியுங்கள்.

மிஞ்சிய பலகையை வீசிவிடாமல் கட்டில் அடியில் படுக்க வையுங்கள். அடுத்த வருஷம் அதே நிறம் கடையில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.