சிங்கப்பூர் – நியூயார்க்: இடையில் இறங்காத பதினெட்டரை மணி நேரம்

ஃபிராங்க்ஃபர்ட் வழியாகப் போனால் டிக்கெட் மலிவு என்பது என் வீட்டுக்காரர் கட்சி. நள்ளிரவில் ஏறினால் மகள் ஊரில்தான் இறங்கவேண்டும் என்பது என் கட்சி. இந்தத் தடவை நான் ஜெயித்தேன். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் நேர் விமானத்தில் சாங்கியிலிருந்து நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்குப் போனேன்.

நேர்த்தூரம் சுமார் 15,300 கிலோமீட்டர். பூமி உருண்டையில் நூல் பிடித்துப் பார்த்தால் வழி வடதுருவத்தை ஒட்டிப் போகும். ஆனால் எதிரே இருந்த திரையில் எங்கள் விமானம் ஜப்பான் பக்கமாகப் போய்ப் பசிபிக்கைக் கடந்தது. அங்கே உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் காற்று பின்னாலிருந்து தள்ளிவிடுகிறது. சுற்றுவழிதான், ஆனாலும் சீக்கிரம் போய்ச் சேருகிறது.

விமானம் ஏர்பஸ் ஏ350-இன் நெடுந்தூர வகை. 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். அவ்வளவு சுமக்கவேண்டியிருப்பதால் ஆட்கள் குறைவு: மொத்தமே 161 இருக்கைகள். அதில் 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. சாதாரண எகானமி கிடையவே கிடையாது. விலை ஏறுவது இங்கேதான்.

பிரீமியம் எகானமியின் கடைசி மூன்று வரிசைகளில் விமானத்தின் உடல் குறுகுவதால், ஜன்னலோரம் இரண்டுக்குப் பதில் ஒற்றை இருக்கை. பக்கத்தில் ஆள் இல்லை; எழுந்திருக்க யாரையும் எழுப்பவேண்டாம். ஜன்னலுக்கும் இருக்கைக்கும் நடுவே மூடி போட்ட பெட்டி ஒன்று உண்டு. மாத்திரை டப்பா, மூக்குக்கண்ணாடி, சால்வை, புளியோதரைப் பொட்டலம் எல்லாம் அதற்குள் போய்விட்டன. முழங்கால் வலிக்காரியான எனக்கு அந்தப் பெட்டியும் நடைபாதையும்தான் பிசினஸ் கிளாஸ். மொத்தம் ஆறே இருக்கைகள். கூடுதல் கட்டணம் உண்டு, கொடுத்துவிடுங்கள்.

இந்திய சைவச் சாப்பாடு வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவைக்கவேண்டும். பருப்பு நன்றாக இருந்தது. சப்பாத்தியைப் பற்றிப் பேசவேண்டாம், விமானத்தில் எந்தச் சப்பாத்தி மெத்தென்று இருந்திருக்கிறது?

இறங்கும்போது தலைவலி இல்லாதது எனக்கு ஆச்சரியம். உள்ளே காற்றழுத்தத்தை 6,000 அடி உயரத்துக்குச் சமமாக வைக்கிறார்களாம். பழைய விமானங்களில் இது 8,000 அடி வரை போகும். அது ஊட்டியைவிட உயரம்.

கோடையில் இரு ஊர்களுக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். முள் வைத்த கைக்கடிகாரத்தைத் தொடவே வேண்டாம், இரவு பகலாகிவிடும், அவ்வளவுதான். உடம்புக்கு அது புரிய ஒரு வாரம் ஆகிறது. அதற்கு எந்த விமானமும் பொறுப்பில்லை.

ஃபிராங்க்ஃபர்ட் வழியைவிட மிச்சமாவது நான்கைந்து மணி நேரம். தனியாகப் போகும் என் வயதுக்காரர்களுக்கு அந்தப் பணம் தகும், நடு வழியில் பையைத் தூக்கிக்கொண்டு பாதுகாப்புச் சோதனைக்கு நிற்கவேண்டாம். ஓடியாடும் சின்னப் பிள்ளையோடு போகிறவர்களுக்குச் சொல்லமாட்டேன். அவர்கள் ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கிப் பிள்ளையைக் கொஞ்சம் ஓடவிட்டே கூட்டிப்போகட்டும்.