கார் பாலிஷ் பேட் வாங்கப் போறீங்களா? 6,850 ரூபாய் போன கதையைப் படிச்சிட்டுப் போங்க

கோபம் ஆறுறதுக்குள்ள எழுதிடறேன். கோயமுத்தூர்ல ஒரு கார் ஆக்சஸரீஸ் கடை. பேர் கேட்காதீங்க, போட மாட்டேன். சீட் கவர்ல இருந்து சென்ட் பாட்டில் வரைக்கும் விக்கிற கடைதான். போர்டுல 'டீட்டெய்லிங்'னு (வண்டியைச் சுத்தம் பண்ணி பாலிஷ் போடுற வேலை) புதுசா ஒட்டியிருக்காங்க. பாலிஷிங் பேட் செட், பேட்டை மெஷின்ல மாட்டுற பேக்கிங் பிளேட், சின்ன பாட்டில்ல காம்பவுண்ட் (கீறலைத் தேய்ச்சு எடுக்கிற பசை), எல்லாம் சேர்த்து 6,850 ரூபாய்.

நம்ம வண்டி கருப்பு. வாட்டர் வாஷ்ல அழுக்குத் துணியாலயே துடைச்சுத் துடைச்சு, வெயில்ல நிறுத்தினா பானட் முழுக்க சிலந்தி வலை மாதிரி கீறல். டிஏ மெஷின், அதாவது சுத்திக்கிட்டே ஆடுற பாலிஷ் மெஷின், மச்சான்கிட்ட இருந்துச்சு. பேட் மட்டும்தான் வேணும்.

அந்தாள் பேசுன பேச்சு இருக்கே! "நீங்க புதுசுதானுங்ண்ணா? உல்லன் பேட் பக்கமே போகாதீங்க, பெயின்ட்டைத் தின்னுபோடும். ஃபோம்ல ஆரம்பிங்க." சொன்னது சரியான விஷயம், அதுலதான் நம்பிக்கையே வந்துச்சு. உல்லன் வேகமா வெட்டும், பின்னாடி மங்கலை விட்டுட்டுப் போகும். கலருக்கு மேல இருக்கிற நிறமில்லாத பூச்சு, கிளியர் கோட்டே பெரும்பாலான கார்ல சுமார் 40, 50 மைக்ரான்தான். புதுசா பண்றவங்களுக்கு ஃபோம்தான் பத்திரம். கீறலை வெட்டி எடுக்க மெரூன் கட்டிங், அடுத்து ஆரஞ்சு பாலிஷிங், கடைசியா பளபளப்புக்குக் கருப்பு ஃபினிஷிங்னு வரிசையா அடுக்கிக் காட்டினார். டீ வேற வரவழைச்சார். பில் கேட்டா எஸ்டிமேட் சீட்டு. "ஜிஎஸ்டி போட்டா ரேட் ஏறுங்ண்ணா, எதுன்னாலும் நான் இருக்கேன்."

நிழல்ல நிறுத்தி, கழுவி, க்ளே போட்டு (ஒட்டியிருக்கிற அழுக்கை எடுக்கிற களிமண் மாதிரி கட்டி), ரெண்டுக்கு ரெண்டு அடி இடத்துல ஆரஞ்சு பேட்ல ஆரம்பிச்சேன். ஸ்பீடு நடுவுலதான். கொஞ்ச நேரத்துல பசை இளகி, ஃபோம் தனியா வெல்க்ரோ தனியா பிரிஞ்சு, பேட் ஒரு பக்கமா நழுவிடுச்சு. மெஷினை நிறுத்துறதுக்குள்ள பிளேட் விளிம்பு பெயின்ட்ல உரசிடுச்சு. பானட் நடுவுல விரல் நீளத்துக்கு, அரை வட்டமா ஒரு கோடு. நகத்தை ஓட்டிப் பாத்தா மாட்டுது. நகம் மாட்டுற கீறல் பாலிஷ்ல போகாது.

அப்புறம் டேப் வச்சு அளந்தேன். பிளேட் 5 இன்ச், பேட்டும் 5 இன்ச். பேட் அரை இன்ச்சாவது பெருசா இருந்து பிளேட் விளிம்பை மூடணும். இதுகூடத் தெரியாத கடையா? அதைவிடக் கொடுமை, மூணு பேட்டையும் கட்டைவிரலால அமுக்கினா மூணும் ஒரே மாதிரி அமுங்குது, ஒரே மாதிரி எழும்புது. பிளேடால அறுத்தும் பாத்துட்டேன். ஒரே ஃபோம்தான், சாயம்தான் வேற. தண்ணியில போட்டா ஆரஞ்சு கரையுது.

கடைக்குப் போனா, டீ வாங்கித் தந்த அதே ஆள் நிமிர்ந்துகூடப் பாக்கல. "ஸ்பீடு ஏத்தியிருப்பீங்க." இல்லைன்னேன். "யூஸ் பண்ணுன பேட் ரிட்டன் இல்லீங்." மூணும் ஒரே ஃபோம்னு அறுத்ததைக் காட்டினேன். "கம்பெனில வர்றதைத்தான் குடுக்கறோம்." எந்தக் கம்பெனி? கவர்ல பேரே இல்லை. கடைசியா "ஓனர் வரட்டும்." ஓனர் நம்பருக்கு போட்டோ அனுப்பினேன். ப்ளூ டிக் வந்துச்சு, பதில் வரல. 6,850 ரூபாய்க்கு ஒரு 'சாரி'கூட இல்லை. பானட்டுக்குப் பெயின்ட் செலவு தனி.

எப்படிப் பாத்து வாங்கணும்னு விரிவா எழுதத்தான் உக்காந்தேன், பொறுமை இல்லை. கலரை நம்பாதீங்க, ஒரு கம்பெனி ஆரஞ்சுக்கும் இன்னொரு கம்பெனி ஆரஞ்சுக்கும் சம்பந்தமே கிடையாது. அமுக்கிப் பாருங்க, கட்டிங் கெட்டியா இருக்கணும், ஃபினிஷிங் மெத்துன்னு இருக்கணும். பிளேட் அளவைக் கேட்டுட்டு அதைவிடப் பெரிய பேட் வாங்குங்க. பில் தராத கடையில பேட் என்ன, துணிகூட வாங்காதீங்க. பில் இருக்கிறவங்க 1915க்கு அடிங்க, நுகர்வோர் உதவி எண் அது. நானும் அந்த எஸ்டிமேட் சீட்டையும் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டையும் வச்சுப் புகார் போட்டிருக்கேன்.

மெஷின் ஓடும்போது பேட் லேசா ஆடினாக்கூட உடனே நிறுத்திடுங்க.