மழைக்கால மும்பையில் எந்தப் பூனை லிட்டர் நெடியை அடக்கும்?

மும்பையில் பூனை வளர்க்கிற நம்மில் பலருக்கு வீடு என்றால் ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. செம்பூரோ மாட்டுங்காவோ முலுண்டோ, லிட்டர் டப்பா, அதாவது பூனை மலஜலம் கழிக்க லிட்டர் என்ற மண்ணோ கற்களோ நிரப்பிய தொட்டி, வைக்க இரண்டே இடம்தான் கிடைக்கும்: குளியலறை வாசல், இல்லாவிட்டால் வாஷிங் மெஷின் நிற்கும் டிரை பால்கனி. இரண்டுமே சாப்பிடும் இடத்திலிருந்து பத்தடிகூட இருக்காது. ஜூனில் மழை பிடித்து ஜன்னல்களைச் சாத்திவிட்டால் காற்றோட்டமும் போய்விடும். "பேசாம யாருக்காவது குடுத்துடலாமே" என்று வீட்டில் பேச்சு கிளம்புவது அந்த மாதங்களில்தான். பூனைமேல் யாருக்கும் கோபம் இருக்காது, நெடிதான் தாங்க முடியாமல் போகிறது. எந்த லிட்டர் வாங்குவது என்பதை நான் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வது இதனால்தான். நெடி அடங்கினால் அந்தப் பூனை தன் வீட்டிலேயே இருக்கும்.

பூனையின் சிறுநீர் வெளிவந்த உடனே பெரிதாக நாறுவதில்லை. அதிலுள்ள யூரியாவை பாக்டீரியாக்கள் யூரியேஸ் என்ற நொதியால் உடைத்து அமோனியாவாக மாற்றும்போதுதான் மூக்கைத் துளைக்கும் நெடி பிறக்கிறது. அதற்கு நேரம் வேண்டும், ஈரம் வேண்டும், வெதுவெதுப்பு வேண்டும். பின்னிரண்டையும் மும்பை இலவசமாகவே கொடுக்கிறது. ஜூலையில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டிவிடும். நம் கையில் மிச்சம் இருப்பது நேரம் ஒன்றுதான். அதாவது, சிறுநீர் எத்தனை சீக்கிரம் டப்பாவை விட்டு வெளியேறுகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். கடையில் லிட்டர் பையின் மேல் எழுதியிருக்கும் எந்த வாக்குறுதியையும் இந்தக் கேள்வியோடு வைத்துப் பாருங்கள்.

இன்னொரு வாடையும் உண்டு. பூனைச் சிறுநீரில் ஃபெலினின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அது உடையும்போது கந்தகம் கலந்த சேர்மங்கள் வருகின்றன. கருத்தடை செய்யாத ஆண் பூனைகளில் இது மிக அதிகம். அப்படிப்பட்ட பூனை வீட்டில் இருந்தால் எந்த லிட்டரும் காப்பாற்றாது. முதலில் கால்நடை மருத்துவரிடம் பேசிக் கருத்தடை செய்துவிடுங்கள், லிட்டரைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

சரி, கடையில் கிடைப்பவற்றுக்கு வருவோம்.

பென்டோனைட் களிமண்தான் எல்லோருக்கும் தெரிந்தது. பூனைக்கு மண் விற்கும் யோசனை 1947இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட் லோவ் என்பவருக்கு வந்தது. அதுவரை அங்கே சாம்பலும் மணலும்தான். பக்கத்து வீட்டுக்காரருக்கு அவர் கொடுத்தது ஃபுல்லர்ஸ் எர்த், அதாவது நாம் முகத்துக்குப் பூசும் முல்தானி மிட்டி வகையறா மண். அது ஈரத்தை உறிஞ்சும், ஆனால் கட்டி பிடிக்காது. சிறுநீர் முழுவதும் டப்பாவிலேயே பரவிக் கிடக்கும். சோடியம் பென்டோனைட் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. தண்ணீர் பட்டால் அது பல மடங்கு உப்பி இறுகிவிடும். சிறுநீரை உருண்டையாகப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஸ்கூப் கரண்டியால் அப்படியே தூக்கி எடுத்துவிடலாம். நம் நாட்டில் குஜராத்தின் கட்ச் பகுதியில் பென்டோனைட் ஏராளமாகக் கிடைக்கிறது, அதனால் விலையும் கட்டுப்படியாகிறது.

மும்பை மழைக்காலத்துக்கு என் தேர்வு இதுதான்: வாசனை சேர்க்காத, நன்றாகக் கட்டி பிடிக்கும் பென்டோனைட். காலையும் இரவும் ஸ்கூப் செய்தால் அமோனியா உருவாக அதிக நேரம் கிடைக்காது. இன்னொரு நன்மையும் இருக்கிறது, எனக்கு அது நெடியைவிடவும் பெரியது. கட்டிகளைப் பார்த்தே பூனையின் உடல்நிலை தெரிந்துவிடும். வழக்கத்தைவிடப் பெரிய கட்டிகள் அடிக்கடி வந்தால் சிறுநீரகமோ சர்க்கரையோ சோதிக்க வேண்டியிருக்கலாம். ஆண் பூனை டப்பாவுக்குப் போய்ப் போய் முக்கியும் கட்டியே இல்லையென்றால் சிறுநீர்க்குழாய் அடைத்திருக்கலாம். அது உயிருக்கே ஆபத்து, மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது, அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும். உறிஞ்சி மறைத்துவிடும் வகைகளில் இந்த எச்சரிக்கை அவ்வளவு தெளிவாகக் கிடைக்காது.

குறைகளும் உண்டு. கனம் அதிகம், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தில் மூன்றாம் மாடிக்குத் தூக்கிப் போவது லேசான வேலையில்லை. தூசி பறக்கும், ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டில் அது தொந்தரவு. பூனையின் காலோடு ஒட்டிக்கொண்டு கட்டில்வரை வரும், டப்பா வாசலில் பழைய சாக்கு ஒன்றைப் போட்டால் பாதி குறையும். குளியலறைத் தண்ணீர் தெறித்தால் டப்பா முழுக்கச் சேறாகிவிடும், ஆகவே இதற்கு டிரை பால்கனிதான் சரி. பையைப் பிரித்ததும் இறுக மூடும் பக்கெட்டில் கொட்டி வைத்துக்கொள்ளுங்கள். வாயில் எதைக் கண்டாலும் போட்டுக்கொள்ளும் சின்னக் குட்டிகளுக்குக் கட்டி பிடிக்கும் வகை வேண்டாம், வயிற்றுக்குள்ளும் அது உப்பும்.

அதே களிமண்ணை லாவண்டர், எலுமிச்சை வாசனையோடும் விற்கிறார்கள். வேண்டாம். அமோனியாவின் மேல் சென்ட் அடித்தால் இரண்டும் சேர்ந்து வீசும், குறையாது. எலுமிச்சை மாதிரி வாசனை பல பூனைகளுக்குப் பிடிக்கவே பிடிக்காது. நம்மைவிடப் பல மடங்கு கூர்மையான மூக்கு அதற்கு. டப்பாவுக்குள் போகப் பிடிக்காத பூனை சோபாவுக்குப் பின்னால் போகும். சிமெண்டிலும் மெத்தையிலும் இறங்கிய சிறுநீரை எடுப்பது டப்பா நெடியைவிடப் பத்து மடங்கு பாடு.

சிலிக்கா ஜெல் கற்கள் வேலை செய்யும் விதம் வேறு. நுண்ணிய துளைகள் சிறுநீரை உள்ளே இழுத்துக்கொள்ளும், தண்ணீர் மெல்ல ஆவியாகும், வாடை உள்ளேயே தங்கும். மலத்தை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தைத் தினமும் கிளறிவிட்டால் போதும். தூசி குறைவு, கனம் குறைவு, விலை அதிகம். கோடையில் காய்ந்து கிடக்கும் டெல்லி வீடுகளில் இதைப் புகழ்கிறார்கள் என்றால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மும்பை ஜூலையில் ஆவியாவது மிக மெதுவாகத்தான் நடக்கும். காற்றிலுள்ள ஈரத்தையும் சேர்த்து அந்தக் கற்கள் குடித்துவிடும். ஒரு மாதம் வரும் என்று பையில் எழுதியது அதற்குள்ளேயே நிரம்பிவிடும், நிரம்பிய அன்று நெடி ஒரேயடியாக வெளியே வரும். டிசம்பரிலிருந்து பிப்ரவரிவரை இங்கேயும் பயன்படுத்தலாம், அவ்வளவுதான்.

டோஃபு லிட்டரைப் பற்றி இப்போது எல்லாக் கடைகளிலும் பேச்சு. சோயா பால் எடுத்த பின் மிஞ்சும் சக்கையில் மாவுச்சத்து சேர்த்துச் செய்த குச்சிகள். கையில் தூக்கினால் இறகாக இருக்கும், தூசி மிகக் குறைவு, மக்கும் பொருள். மூச்சுத் தொந்தரவு உள்ள வீட்டில் நானே இதைச் சொல்வேன். ஆனால் கிலோ விலை பென்டோனைட்டைவிட மடங்குக் கணக்கில் அதிகமாக இருக்கும். அதோடு இது அடிப்படையில் ஒரு தானியப் பண்டம். அரிசி மூட்டையில் வண்டு வருகிற மாதத்தில் இதிலும் பூச்சி வரும், பூஞ்சை பிடிக்கும். பழைய கட்டடம் என்றால் கரப்பான் வேறு. கட்டியும் களிமண் அளவுக்கு இறுகாது, ஸ்கூப்பில் உடைந்தால் அந்த ஈரத் துணுக்கு டப்பாவில் தங்கி அடுத்த நாள் நெடியாகும்.

டாய்லெட்டில் போட்டு ஃப்ளஷ் செய்யலாம் என்பதுதான் டோஃபுவை விற்கும் பெரிய வாசகம். தயவுசெய்து செய்யாதீர்கள். பூனை மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் முட்டைகள் இருக்கலாம். கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் அவை முழுதாக அழிவதில்லை. கலிபோர்னியாக் கடற்கரையில் கடல் நீர்நாய்கள் இந்த ஒட்டுண்ணியால் இறந்தது தெரியவந்த பிறகு, 2006இல் அங்கே லிட்டர் பைகளில் ஃப்ளஷ் செய்ய வேண்டாம் என்று அச்சிடச் சட்டமே வந்தது. நம் கழிவுநீரும் போய்ச் சேர்வது கடலில்தான். இதே ஒட்டுண்ணியால்தான் கர்ப்பமாக இருப்பவர்கள் டப்பாவைத் தொடக்கூடாது, வேறு வழியில்லையென்றால் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். அந்த முட்டைகள் வெளிவந்து தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். தினமும் ஸ்கூப் செய்யும் வீட்டில் ஆபத்து வெகுவாகக் குறைகிறது.

பைன் மரத்தூள் உருண்டைகள் என் இரண்டாவது தேர்வு. மரத்தூளை அழுத்திச் செய்தவை, ஈரம் பட்டதும் உதிர்ந்து மறுபடி தூளாகும். சல்லடை போட்ட இரட்டைத் தட்டு டப்பா இருந்தால் நனைந்த தூள் கீழே விழுந்துவிடும், மேலே காய்ந்த உருண்டை மட்டும் நிற்கும். அமோனியாவை நன்றாகவே பிடிக்கிறது, காசும் குறைவு. கீழ்த்தட்டைத் தினமும் கொட்ட மறந்தால் மட்டும் முழு உழைப்பும் வீண். சில பூனைகளுக்குப் பாதத்தில் உருண்டை குத்துவது பிடிக்காது, மண்ணைத் தோண்டிப் பழகிய தெருப்பூனைகள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

நியூஸ்பேப்பர் கிழித்துப் போடுவது அறுவைசிகிச்சை முடிந்து வந்த பூனைக்கு ஒரு வாரத்துக்கு நல்லது, தையலில் தூசி ஒட்டாது. மற்றபடி நெடியை அது கொஞ்சமும் அடக்காது. கட்டட வேலை மணலும் அப்படித்தான்.

மேலே தூவும் பொருட்களில் சமையல் சோடாவைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். மலத்திலிருந்து வரும் புளித்த, அமிலத்தன்மையுள்ள வாடைக்கு அது உதவும். ஆனால் அமோனியா காரம், சோடாவும் காரம். ஒன்று இன்னொன்றை முறிக்காது. அமோனியாவைப் பிடிக்க ஜியோலைட் என்ற கனிமத்தூள் நல்லது, கந்தக வாடைக்கு ஆக்டிவேட்டட் கார்பன் என்ற பதப்படுத்திய கரித்தூள் நல்லது. இரண்டும் கலந்த வாசனையில்லாத பொடி கிடைத்தால் ஒரு கைப்பிடி போதும். அடுப்புக்கரியை இடித்துப் போடுவது அதற்கு ஈடாகாது, பாதமும் தரையும் கறுப்பாவதுதான் மிச்சம்.

இப்போது கையைப் பிடித்துச் சொல்ல வேண்டிய விஷயம். டப்பாவைப் பினாயில் ஊற்றிக் கழுவாதீர்கள், பக்கத்தில் கற்பூரமோ பாச்சா உருண்டையோ வைக்காதீர்கள். பீனால் வகைப் பொருட்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஈரத் தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே விஷம் உள்ளே போகும். பிளீச்சிங் பவுடரும் கூடாது, சிறுநீரிலுள்ள அமோனியாவோடு சேர்ந்தால் குளோரமைன் என்ற நச்சுவாயு கிளம்பும், அது நமக்கும் கெடுதல். வெந்நீரும் கொஞ்சம் பாத்திரம் தேய்க்கும் திரவமும் போதும். தரையில் சிந்தியதை நீர் கலந்த வினிகரால் துடைக்கலாம். மெத்தையில் இறங்கியதற்கு நொதி கலந்த என்சைம் கிளீனர்தான், அதையும் தெளித்த உடனே துடைத்துவிடாமல் ஊறவிட வேண்டும்.

டப்பாவும் ஒரு காரணம். பிளாஸ்டிக்கில் நகம் பட்டுக் கீறல் விழுந்தால் அதில் சிறுநீர் தங்கும், எவ்வளவு கழுவினாலும் போகாது. வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், இல்லையென்றால் ஒரே தடவையாக ஸ்டீல் டப்பா வாங்கிவிடுங்கள். மூடி போட்டது நமக்கு நாற்றத்தை மறைக்கும், ஆனால் பூனைக்கு அமோனியாவை அடைத்து வைத்த அறை அது. மழைக்காலத்தில் மூடியைக் கழற்றி வையுங்கள். வெயில் இல்லாத மாதங்களில் கழுவிய டப்பா காய இரண்டு நாளாகும், அதனால் மாற்றி மாற்றி வைக்க இரண்டு டப்பா அவசியம். இரண்டு பூனை இருந்தால் மூன்று.

எடுத்த கட்டிகளைப் பையில் இறுகக் கட்டி, சொசைட்டியில் குப்பை எடுப்பவரிடம் ஈரக் குப்பையோடு கலக்காமல் தனியாகச் சொல்லிக் கொடுங்கள். அவர் வெறும் கையால் பிரிக்கிறார் என்பது நினைவிருக்கட்டும். மக்கும் லிட்டர் என்றாலும் கறிவேப்பிலைத் தொட்டிக்கு உரமாகப் போடக்கூடாது.

லிட்டரை மாற்றுவதாக இருந்தால் ஒரே நாளில் மாற்றாதீர்கள். பழையதில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு வாரத்தில் முழுதாகக் கொண்டுவரலாம். இடம் இருந்தால் பழையதையும் புதியதையும் இரண்டு டப்பாவில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பூனை எதற்குள் அடிக்கடி போகிறதோ அதையே வாங்குங்கள், அது நான் சொன்ன பென்டோனைட்டாக இல்லாவிட்டாலும் சரி.