நான்கு வரிசை, ஒரு வருடம்: மெக்‌ஷெயின் வேதவாசிப்பு அட்டவணை

பொருள் என்று பார்த்தால் இது ஒரே ஒரு தாள். ஏ4 தாளின் இரண்டு பக்கமும் அச்சடித்தால் வருடம் முழுவதற்கும் போதும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, பல வேதாகமச் செயலிகளிலும் இருக்கிறது. சிங்கப்பூரில் ஈசூன் வட்டாரத்தில் எங்கள் புளோக்குக்குப் பக்கத்துக் கடையில் சில காசு கொடுத்து அச்செடுத்தேன். அப்புறம் ஆங்கிலப் பெயர்களுக்குப் பக்கத்தில் ஆதி, மத், எஸ், அப் என்று தமிழில் எழுதிக்கொண்டேன். மடித்து வேதாகமத்துக்குள் வைத்தால் அடையாளத் தாளாகவும் ஆகிவிடுகிறது.

இதைத் தயாரித்தவர் ராபர்ட் மரே மெக்‌ஷெயின். ஸ்காட்லாந்தில் டண்டி நகரத்தில் போதகராக இருந்தவர். 1842இன் கடைசியில் தன் சபை மக்களுக்காக இதைப் போட்டுக் கொடுத்தார். அடுத்த மார்ச்சில் காய்ச்சலில் இறந்துபோனார், வயது 29. தான் கொடுத்த அட்டவணையை ஒரு முழு வருடம் வாசிக்க அவருக்கே வாய்க்கவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கிறது.

ஒவ்வொரு தேதிக்கும் நான்கு வரிசைகளில் பெரும்பாலும் நான்கு அதிகாரங்கள். முதல் இரண்டும் குடும்பமாக வாசிக்க, மற்ற இரண்டும் தனியாக வாசிக்க. வருட முடிவில் பழைய ஏற்பாடு ஒரு முறையும், புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு முறையும் முடிந்திருக்கும். ஜனவரி 1ஆம் தேதி ஆதியாகமம் 1, மத்தேயு 1, எஸ்றா 1, அப்போஸ்தலர் 1. உலகம் தொடங்குகிறது, இயேசு பிறக்கிறார், சிறையிருப்பிலிருந்து ஜனங்கள் திரும்புகிறார்கள், சபை தொடங்குகிறது. நான்கு தொடக்கங்கள் ஒரே நாளில். டிசம்பர் 31இல் இரண்டாம் நாளாகமம், வெளிப்படுத்தல், மல்கியா, யோவான் ஆகிய நான்கும் ஒன்றாக முடிகின்றன.

சரி, வேதவாசிப்புத் திட்டங்கள் எத்தனையோ இருக்கின்றன. இதைப் பற்றி ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்றால், விசுவாசம் சௌகரியமாகிப்போன குடும்பங்களுக்கு இது செய்கிற வேலை வேறு. திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து இங்கே வேரூன்றிய எங்களைப் போன்றவர்களின் வாழ்க்கையைப் பாருங்கள். ஞாயிறு தமிழ் ஆராதனை, பாடகர் குழு, தசமபாகம் பேநவ் என்கிற கைப்பேசிப் பணப் பரிமாற்றத்தில், காலையில் எழுந்ததும் வாட்ஸ்அப்பில் பூப்படத்தோடு ஒரு வசனம். எதுவும் குறைவதில்லை. வேலை இருக்கிறது, வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீடு இருக்கிறது, பிள்ளைகள் நல்ல பள்ளியில் படிக்கிறார்கள். ஜெபத்தில் புதிதாக ஒரு வார்த்தை வந்து எவ்வளவு காலமாயிற்று என்று கேட்டால்தான் பதில் இருக்காது. யாரும் பின்வாங்கிப் போகவில்லை, யாரும் பாவத்தில் விழவில்லை. அனல் மட்டும் இல்லை.

இதில் நம்முடைய வாக்குத்தத்த வசனப் பழக்கத்துக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் போதகர் அந்த வருடத்துக்கான வாக்குத்தத்தத்தை அறிவிப்பார், அட்டையைக் கொண்டுவந்து குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுவோம். அத்தை பழைய அட்டைகளைக்கூட எறிய விடமாட்டார்கள். அவை அவர்களை எத்தனையோ கஷ்டத்தில் தாங்கியிருக்கின்றன, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அட்டையில் வருகிற வசனங்கள் எல்லாம் ஆறுதல் சொல்கிறவை. சீயோனிலே நிர்விசாரமாயிருக்கிறவர்களுக்கு ஐயோ என்கிற ஆமோஸ் 6ஐ யாரும் அட்டையில் அச்சடிப்பதில்லை. நமக்கு இதமானதை மட்டுமே எடுத்து வைத்துக்கொண்டால், நம்மை எழுப்பக்கூடியது நம் கண்ணில் படுவதே இல்லை. இந்தத் தாளில் அந்தத் தெரிவு நம் கையில் இல்லை. இன்றைய தேதிக்கு என்ன இருக்கிறதோ அதைத்தான் வாசிக்க வேண்டும்.

எரேமியா 29:11 நம் வீடுகளில் அதிகம் மாட்டப்பட்ட வசனங்களில் ஒன்று. சமாதானத்துக்கேதுவான நினைவுகள் பற்றியது. அதிகாரம் முழுவதையும் முதல் வசனத்திலிருந்து வாசித்தால், அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம். முந்தின அதிகாரத்தில் அனனியா என்கிற பொய்த் தீர்க்கதரிசி இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்கிறான். எரேமியா எழுபது வருடம் என்கிறார். அதுவரை அங்கே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், நீங்கள் போய்ச் சேர்ந்த அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபியுங்கள் என்கிறார். பிழைக்க வந்த ஊரில் உட்கார்ந்து இதை வாசிக்கும்போது அந்த வசனத்தின் கனமே வேறு. எங்கள் குடும்ப ஜெபத்தில் பாளையங்கோட்டைக்கு மழை உண்டு, பிள்ளையின் தேர்வு உண்டு. எங்கள் புளோக்கைக் கூட்டுகிற பங்களாதேஷ் தம்பியும், லிஃப்டில் தினமும் பார்க்கிற சீனப் பாட்டியும் அதற்குள் வந்தது அந்தக் கடிதத்துக்கு அப்புறம்தான்.

ஆனாலும் இந்த அட்டவணையின் உண்மையான பலத்தை டிசம்பர் 12ஆம் தேதியில்தான் பார்க்க முடியும். அந்த நாளுக்கான நான்கில் மூன்று இவை: வெளிப்படுத்தல் 3, ஆகாய் 1, யோவான் 2. காலத்தை நினைத்துப் பாருங்கள். ஆர்ச்சர்ட் ரோட்டில் விளக்குகள் எரிகின்றன, பள்ளி விடுமுறை, வீட்டில் கேக் வேலை, வீடு வீடாகப் போய்ப் பாட கேரல் பாட்டுப் பயிற்சி. கிறிஸ்தவர்களாக இருப்பது மிகவும் சுலபமாக இருக்கிற வாரம். அப்போது ஆகாய் தீர்க்கதரிசி வந்து நிற்கிறார். பொது ஆண்டுக்கு முன் 520, தரியு ராஜாவின் இரண்டாம் வருடம். சிறையிருப்பிலிருந்து திரும்பி வந்தவர்கள் ஆலய வேலையைப் பாதியில் விட்டுவிட்டுத் தங்கள் வீடுகளுக்கு மரப்பலகை அடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் விக்கிரகத்துக்குப் போகவில்லை, ஆலயம் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ‘இன்னும் காலம் வரவில்லை’ என்றார்கள், அவ்வளவுதான். உங்கள் வழிகளைச் சிந்தித்துப்பாருங்கள் என்று அந்த ஒரே அதிகாரத்தில் இரண்டு தடவை வருகிறது. பொத்தல் பையில் கூலியைப் போடுகிறவனும் அங்கேதான் வருகிறான்.

ஆகாயை நான் எம்ஆர்டி ரயிலில் வாசித்தேன். ஈசூனிலிருந்து தஞ்சோங் பகார் வரை தனி வாசிப்புக்கு நேரம் சரியாக இருக்கிறது. வரவேற்பறைக்கு ஃபால்ஸ் சீலிங்கும் சுவருக்கு மரப்பலகையும் போட கான்ட்ராக்டர் அனுப்பியிருந்த மதிப்பீடு அதே கைப்பேசியில் இருந்தது. இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

வெளிப்படுத்தல் 3 குடும்ப வரிசையில் இருப்பதால் அன்று இரவு எல்லாரும் சேர்ந்து வாசித்தோம். லவோதிக்கேயா சபைக்கு இயேசு சொல்லும் கடிதம் அதில்தான் இருக்கிறது. லவோதிக்கேயா இன்றைய துருக்கியில் இருந்த பணக்கார ஊர். பணம் கொடுக்கல் வாங்கல், கருப்பு ஆட்டு ரோமத்துணி, கண் மருந்து என்று பேர் வாங்கியது. கி.பி. 60இல் நிலநடுக்கத்தில் இடிந்தபோது ரோமின் உதவி இல்லாமல் தன் சொந்தப் பணத்திலேயே எழுந்து நின்றது. அந்த ஊருக்குக் குழாய் வழியாகத் தண்ணீர் வந்தது, சுண்ணாம்பு கெட்டியாகப் படிந்த அந்தக் குழாய்களை இன்றும் இடிபாடுகளில் பார்க்கலாம். அக்கம்பக்கத்தில் எராப்போலியில் வெந்நீர் ஊற்று உண்டு, கொலோசெயில் குளிர்ந்த தண்ணீர் உண்டு. நீ குளிருமில்லாமல் அனலுமில்லாமல் இருக்கிறாய் என்று அந்தக் கடிதத்தில் வாசித்தபோது அந்த ஊர்க்காரர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று என் கணவர் சொல்லிக்கொண்டிருந்தார். உயர்நிலை ஒன்றில் படிக்கிற மகள், “அம்மா, இது நம்ம ஊர் மாதிரியே இருக்கே” என்றாள். அவளுக்கு நம்ம ஊர் என்றால் சிங்கப்பூர்தான்.

ஆசியாவின் ஏழு சபைகளுக்கும் எழுதிய கடிதங்களை வரிசையாக வாசித்தால் இன்னொன்று தெரியும். லவோதிக்கேயாவுக்கு உபத்திரவம் இல்லை, கள்ளப் போதகம் பற்றிய குற்றச்சாட்டும் இல்லை. எனக்கு ஒரு குறைவுமில்லை என்கிற நினைப்புதான் அந்தச் சபையின் வியாதி. இயேசு வாசற்படியில் நின்று கதவைத் தட்டுகிற அந்த வசனம் இந்தக் கடிதத்தின் முடிவில்தான் வருகிறது. அதைப் படமாக எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறோம். இன்னும் விசுவாசத்துக்கு வராதவர்களுக்கான அழைப்பாகவே பெரும்பாலும் கேட்டிருக்கிறோம். ஆனால் அவர் தட்டுவது ஞாயிறுதோறும் கூடிவருகிற ஒரு சபையின் கதவை. அன்று இரவு என் கணவர் ஜெபத்தைத் தொடங்கிவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் அவர் ஜெபித்ததை இங்கே எழுத மாட்டேன். வழக்கமான ஜெபமாக அது இல்லை.

இனி இதில் உள்ள சிரமங்கள். முதலாவது நேரம். நான்கு அதிகாரங்களுக்குக் குறைந்தது அரைமணி நேரமாவது வேண்டும், 176 வசனமுள்ள 119ஆம் சங்கீதம் பல நாட்களுக்குப் பிரித்துத்தான் வரும். லேவியராகமத்தில் பலர் நின்றுபோவார்கள், நாளாகமத்தின் வம்சவரலாற்றில் மீதிப் பேர். இரண்டாவது, தேதி போட்ட தாள் என்பதால் விட்ட நாட்கள் கடனாகச் சேர்ந்து பயமுறுத்தும். பிள்ளைக்குப் பரீட்சை வரும் மாதத்தில் குடும்ப வரிசை கட்டாயம் தடைபடும். விட்டதைத் துரத்திப் பிடிக்காமல் இன்றைய தேதிக்கு வந்துவிடுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. முடியாதவர்கள் இந்த வருடம் குடும்ப வரிசை இரண்டையும், அடுத்த வருடம் தனி வரிசை இரண்டையும் வாசிக்கலாம். கடமைக்கு நான்கை ஓட்டுவதைவிட அது எவ்வளவோ மேல்.

இந்த ஆபத்துகளை மெக்‌ஷெயினே முன்கூட்டிச் சொல்லியிருக்கிறார் என்பதால்தான் அவர் மேல் எனக்கு இவ்வளவு நம்பிக்கை. அட்டவணையோடு எழுதிய முன்னுரையில் நான்கு ஆபத்துகளைச் சொல்கிறார்: வாசிப்பு வெறும் சடங்காகிவிடலாம், வாசித்து முடித்ததில் சுயநீதி வரலாம், கவனமில்லாமல் வாசிக்கலாம், சிலருக்குத் தாங்கமுடியாத நுகமாகலாம். செயலியில் வாசிக்கிறவர்கள் இந்த இரண்டாவதைக் கவனிக்க வேண்டும். தொடர்ந்து வாசித்த நாட்களை எண்ணிக் காட்டும் வசதி எந்தச் செயலியில் இருந்தாலும் அதை அணைத்து வைப்பது நல்லது. அந்த எண்ணிக்கையில் திருப்தி வந்துவிட்டால் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டோம் என்று அர்த்தம்.

தமிழில் வாசிப்பது பற்றி ஒரு வார்த்தை. நாங்கள் வைத்திருப்பது பெரிய எழுத்துப் பழைய மொழிபெயர்ப்பு, ஊரிலிருந்து வந்தது. கனம் அதிகம், பையில் தூக்க முடியாது, அதனால் ரயிலில் கைப்பேசிதான். மகளுக்கு அந்தத் தமிழ் கடினம். அவள் ஆங்கிலத்தில் ஒரு பகுதி, நாங்கள் தமிழில் அடுத்த பகுதி என்று மாற்றி மாற்றி வாசிக்கிறோம். இப்படி வாசிக்கும்போது வேகம் தானாகக் குறைகிறது, அத்தையும் கேள்வி கேட்கிறார்கள். சிறு பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்கு இது பொருந்தாது, அவர்களுக்கு ஒரு அதிகாரமே அதிகம்.

பலன் என்ன என்று கேட்பவர்களுக்கு: ஃபால்ஸ் சீலிங் வரவில்லை. அந்தப் பணத்தில் ஒரு பகுதி, ஞாயிறு மதியம் தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் கூடுகிற தமிழ்த் தொழிலாளர் தம்பிகளின் ஐக்கியத்துக்குச் சாப்பாடாகப் போகிறது. நாங்களும் போகிறோம். ஆறு நாள் கட்டுமான வேலை செய்துவிட்டு வந்து அவர்கள் பாடுவதைக் கேட்க வேண்டும்.

புதிதாகத் தொடங்க ஜனவரிக்குக் காத்திருக்க வேண்டாம். இன்றைய தேதியிலேயே நுழையலாம், அடுத்த வருடம் அதே தேதியில் வட்டம் முடியும். அச்செடுக்கும்போது எழுத்து பொடியாக வந்தால் ஏ3 தாளில் எடுக்கச் சொல்லுங்கள், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வாக்குத்தத்த அட்டைக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிடலாம்.