மூணு கேம்பஸ், ஒரு லைப்ரரி பைன்: ஆன்லைன்ல கட்ட வைக்க எந்த வழி சரியா வரும்?

மூணு கேம்பஸ் லைப்ரரியையும் ஒரே கோஹாவுல (லைப்ரரி கணக்கு வழக்கப் பாக்குற சாஃப்ட்வேர்) ஓட்டுற இடத்துல நான் வேலை பாக்குறேன். ஒண்ணு மதுரை டவுனுக்குள்ள, ஒண்ணு திருமங்கலம் பக்கம், இன்னொண்ணு திருப்புவனம் தாண்டி. பிள்ளைக எங்க வேணா புக் எடுக்கலாம், எங்க வேணா திருப்பிக் குடுக்கலாம், ஆனா பைன் மட்டும் எங்க விழுந்துச்சோ அங்கயேதான் கட்டணும். இத ஆன்லைனுக்கு மாத்தணும்னு பேச்சு வந்தப்ப நாலு வழி எங்க முன்னாடி நின்னுச்சு.

முதல் வழி கவுண்டர்ல ஒரு கியூஆர் ஒட்டிர்றது. யாருகிட்டயும் அனுமதி கேட்டு அலைய வேணாம், யூபிஐக்கு 2020 ஜனவரில இருந்து எம்டிஆரும் (பணம் வாங்குறவங்ககிட்ட புடிக்கிற கமிஷன்) கிடையாது, அதனால 7 ரூபா கட்டினா 7 ரூபாயும் அப்படியே அக்கவுண்ட்டுக்கு வந்துரும். இதத்தான் நாங்க முதல்ல செஞ்சோம். போன வருஷம் நோ டியூஸ் (பாக்கி எதுவும் இல்லைனு கையெழுத்து வாங்குறது) சமயத்துல உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளை ஒண்ணு டவுன் கேம்பஸ்ல 46 ரூபா ஸ்கேன் பண்ணி கட்டிட்டு, மிச்ச கையெழுத்துக்கு திருமங்கலம் போயிருக்கு. அங்க சிஸ்டத்துல அந்த 46 அப்படியே நிக்குது. "கட்டிட்டேன்க்கா, இங்க பாருங்க"னு ஸ்க்ரீன்ஷாட்டக் காட்டுது, அங்க இருந்த மேடம் எங்களுக்கு போன் போடுறாங்க, நாங்க நோட்டு நோட்டா பொரட்டி பேமென்ட்டுக்கு அடையாளமா வர்ற அந்த 12 இலக்க யூடிஆர் நம்பரத் தேடுறோம். கூட்டத்துல நோட்டுல எழுதினவங்க கோஹாவுல ஏத்த விட்டுட்டாங்க. ஒன்றரை மணி நேரம் அந்தப் பிள்ளை பெஞ்சுலயே உக்காந்திருந்துச்சு. பணம் வந்து சேர்றது ஒரு வேலை, டியூ அழியுறது வேற வேலைனு எனக்கு அன்னைக்குத்தான் உறைச்சுச்சு. கியூஆர் முதல் வேலைய மட்டும்தான் செய்யுது.

ரெண்டாவது எஸ்பிஐ கலெக்ட் மாதிரி, பணம் கட்டுறதுக்குனு பேங்க் நடத்துற வெப் பக்கம். கேம்பஸ், ரெஜிஸ்டர் நம்பர், எதுக்கான பணம்னு எல்லாம் கேட்டு வாங்கிக்கலாம், ரசீதுல ரெஃபரன்ஸ் நம்பரும் வந்துரும், அக்கவுண்ட்ஸ் செக்ஷனுக்கு இது ரொம்பப் பிடிக்கும். ஆனா தொகைய கட்டுறவங்களே டைப் பண்ற மாதிரிதான் பெரும்பாலும் வச்சிருப்பாங்க. 46க்கு பதிலா 40 போட்டாலும் பேங்க் பக்கத்துக்குத் தெரியாது, ஏன்னா கோஹாவுல என்ன நிக்குதுனு அது பாக்குறதே இல்ல. ரிப்போர்ட்ட டவுன்லோட் பண்ணி ஒருத்தர் உக்காந்து ஏத்தணும், அந்த ஒருத்தர் லீவுனா டியூவும் அப்படியே நிக்கும். ஹாஸ்டல் பீஸ், எக்ஸாம் பீஸுக்கு நல்ல வழி, தினமும் சில்லறையா வர்ற பைனுக்கு ஒத்து வராது.

மூணாவது, பைன செமஸ்டர் பீஸோட சேத்துவிடுறது. எனக்கு இதுல துளியும் உடன்பாடு இல்ல. கோஹாவுல ஒரு அளவுக்கு மேல பாக்கி நின்னா புக் குடுக்காம தடுக்குற செட்டிங் இருக்கு, அது ஆன்ல இருந்தா அந்தப் பிள்ளை செமஸ்டர் முடியுற வரைக்கும் மூணு கேம்பஸ்லயும் புக் எடுக்க முடியாது.

நாலாவது, பேமென்ட் கேட்வேய (ஆன்லைன்ல பணத்த வாங்கி நமக்குச் சேக்குற சேவை) கோஹாவோட நேரா இணைக்கிறது. கோஹாவுலயே பேபால் வசதி இருக்கேனு சிலர் கேப்பாங்க, பேபால் 2021 ஏப்ரல்லயே நம்ம நாட்டுக்குள்ள நடக்குற பேமென்ட்ட நிறுத்திருச்சு, அதனால இங்கத்த கேட்வேக்கு ஒரு ப்ளகின் (கோஹாவோட சேக்குற துணை ப்ரோக்ராம்) போடணும். பிள்ளைக லாகின் பண்ணா தன் பாக்கி தெரியும், அத டிக் பண்ணி கட்டினா அந்த வரியே கழிஞ்சுரும், டைப் பண்ற வேலையே இல்ல. ஒரே டேட்டாபேஸ்ங்கறதால மூணு கவுண்டர்லயும் அதே நிமிஷம் ஜீரோ காட்டும்.

ஆனா இதுல கவனமா செய்யலைனா கியூஆரை விட மோசமா போகும். முக்கியமா, கட்டி முடிச்சவுடனே போனை பாக்கெட்ல போட்டுட்டுப் போறவங்கதான் ஜாஸ்தி, திரும்ப நம்ம பக்கத்துக்கு வரவே மாட்டாங்க. அதனால பிரவுசர நம்பாம கேட்வே சர்வர் நேரா நம்ம சர்வருக்குத் தகவல் அனுப்புற வெப்ஹூக் கண்டிப்பா வேணும், அதே தகவல் ரெண்டு தடவ வந்தாலும் ஒரு தடவதான் வரவு வைக்கணும். காசு போயி நமக்குத் தகவல் வரலைனா 5 நாளைக்குள்ள தானா திரும்பணும், தாண்டினா நாளைக்கு 100 ரூபா குடுக்கணும்னு ரிசர்வ் பேங்க் 2019லயே சொல்லியிருக்கு, அத அந்தப் பக்கத்துலயே தமிழ்ல போட்டுருங்க, பாதிப் பதட்டம் குறையும். இன்னும் திருப்பிக் குடுக்காத புக்கோட பைன கட்ட விடாதீங்க, இன்னைக்குக் கட்டினாலும் நாளைக்கு மறுபடி ஏறும், "கட்டினேனே"னு சண்டைதான் வரும். கார்டுக்குக் கமிஷன் இருக்கும், 10 ரூபா பைனுக்கு அது எதுக்கு, யூபிஐ மட்டும் போதும். அதுக்கும் கேட்வே தனியா ஏதாவது கட்டணம் போடுதானு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடியே எழுதி வாங்கிருங்க.

இன்னொண்ணு, கட்டுற வசதிய திறக்குறதுக்கு முன்னாடி, பைன் கணக்குக்கு கோஹா பாக்குற லீவு காலண்டர சரி பண்ணணும். அழகர் ஆத்துல இறங்குற அன்னைக்கு மதுரை மாவட்டத்துக்கு உள்ளூர் லீவு, திருப்புவனம் சிவகங்கை மாவட்டம், அங்க லைப்ரரி திறந்திருக்கும். மூணு கேம்பஸுக்கும் ஒரே காலண்டர் போட்டா யாருக்காவது தப்பா பைன் விழும், ஆன்லைன்ல கட்டின தப்பான 2 ரூபாய திருப்பிக் குடுக்குறது வாங்குறத விடப் பெரிய வேலை.

நாலாவதைத்தான் நான் எழுதிக் குடுத்திருக்கேன். கூடவே ஒண்ணு சேத்திருக்கேன், கவுண்டர்ல ரொக்கம் வாங்குறத நிறுத்தக் கூடாது, வாங்கின கையோட கோஹாவுல ஏத்தி ரசீது குடுக்கணும். எங்க பிள்ளைகள்ல சிலருக்கு யூபிஐ இருக்குறது அப்பா போன்லதான், அந்தப் போனும் காலைலயே அப்பாவோட வேலைக்குப் போயிரும்.